பிரிட்டனில் குடியேறப் போகிறீர்களா? போஸ்ட்கோடிலிருந்து ஆரம்பியுங்கள்

பெண் பார்க்கப் போவதற்கு முன் ஜாதகம் கேட்பவர்களை ஒரு காலத்தில் நான் ஏகத்துக்கும் கிண்டல் செய்திருக்கிறேன். இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது, இப்போது வீடு தேடும் நண்பர்கள் யாராவது போன் செய்தால் வாடகை எவ்வளவு, எத்தனை ரூம் என்றெல்லாம் கேட்பதில்லை, "போஸ்ட்கோடு என்ன?" என்றுதான் கேட்கிறேன். நம்மூர் பின்கோடு ஒரு ஏரியா முழுவதற்கும் ஒன்றுதான். இங்கே ஒரு போஸ்ட்கோடு சராசரியாகப் பதினைந்து முகவரிக்கு ஒன்று. பிரதமர் வீட்டுக்கு எஸ்டபிள்யூ1ஏ 2ஏஏ. இந்த ஆறேழு எழுத்தும் எண்ணும்தான் உங்கள் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும், உங்கள் எம்பி யார், இன்டர்நெட் எவ்வளவு வேகத்தில் வரும், கார் இன்சூரன்ஸ் எவ்வளவு, குப்பை என்றைக்கு எடுப்பார்கள் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அதனால் வீட்டைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். நான் பார்க்காமல் பட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பெரும்பாலானது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் பள்ளி, பரீட்சை, சட்டம் எல்லாம் வேறு.

குழந்தை இருந்தால் பள்ளிதான் முதல் வேலை. ஆகஸ்ட் 31-க்குள் நான்கு வயது முடிந்தால் அந்த செப்டம்பரில் ரிசப்ஷன், அதாவது பள்ளியின் முதல் வகுப்பு. அதற்கு ஜனவரி 15-க்குள் விண்ணப்பம் போட வேண்டும், பள்ளியில் அல்ல, நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலின் (நம்மூர் நகராட்சி மாதிரி) இணையதளத்தில். ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பேசி, தெரிந்தவர் மூலம் சொல்லி வைத்து, டொனேஷன் கொடுத்து என்ற நம்மூர் வழி எதுவும் அரசுப் பள்ளிகளில் செல்லாது. பள்ளியில் இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்துவிட்டால் ஒரு வரிசைப்படி இடம் கொடுப்பார்கள்: அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகள், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறவர்கள், சர்ச் பள்ளி என்றால் அந்த மதத்தவர், அப்புறம் தூரம். இந்தக் கடைசி வார்த்தையில்தான் ஊரே மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலான கவுன்சில்கள் உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோட்டில் அளக்கும், மைலின் மூன்றாவது தசமம் வரைக்கும்.

நாங்கள் லீட்ஸிலிருந்து லண்டன் ஓரத்துக்கு வந்தபோது வீடு காட்டிய ஏஜென்ட், "நல்ல ஸ்கூல் பக்கத்திலேயே இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பள்ளி பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து 0.62 மைல். ஆனால் முந்தைய வருடம் அந்தப் பள்ளியில் கடைசியாக இடம் கிடைத்த குழந்தையின் வீடு 0.38 மைலில் இருந்தது. இந்த எண்ணை ஒவ்வொரு வருடமும் கவுன்சில் தன் தளத்தில் வெளிப்படையாகப் போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் கழித்து நானும் பார்த்தேன். மகளுக்குப் பட்டியலில் நான்காவதாகப் போட்ட பள்ளிதான் கிடைத்தது. (நல்ல பள்ளிதான், அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஏப்ரல் 16-ம் தேதி, முடிவு வரும் நாளில், வீடு இழவு வீடு மாதிரி இருந்தது.)

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த கவுன்சிலின் தளத்தில் கடந்த இரண்டு மூன்று வருடத்தின் கடைசி தூரத்தைப் பாருங்கள், ஒரு வருடத்தை மட்டும் நம்பாதீர்கள், அண்ணன் தம்பிகள் நிறையச் சேரும் வருடத்தில் அது சடாரென்று சுருங்கும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம், ஆறையும் எழுதுங்கள். ஒரே ஒரு பள்ளியை மட்டும் எழுதினால் வேறு வழியில்லாமல் கொடுத்துவிடுவார்கள் என்று நம் ஆட்களிடையே ஒரு வதந்தி உலவுகிறது, சுத்தப் பொய். நீங்கள் எத்தனாவதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துப் பள்ளி இடம் கொடுப்பதில்லை. கிடைக்காவிட்டால் அப்பீல் உண்டு, ஆனால் ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருப்பதால், அங்கே அப்பீலில் ஜெயிப்பது குதிரைக்கொம்பு. அதைவிடக் காத்திருப்போர் பட்டியல் பிரயோஜனம். செப்டம்பரில் வீடு மாறிப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்தப் பட்டியலும் முதலில் பெயர் கொடுத்தவர் முதலில் என்ற கணக்கில் போகாது, அதே தூர வரிசைதான், அதனால் நேற்று உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருந்து இன்றைக்கு ஐந்து பேர் இருந்தால் யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பள்ளிக்குப் பக்கத்தில் யாரோ புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள்.

பதினோரு வயதில் சேரும் செகண்டரி பள்ளிக்கு விண்ணப்பிக்க கடைசி நாள் அக்டோபர் 31, முடிவு மார்ச் 1. இங்கேதான் கிராமர் ஸ்கூல் பைத்தியம் ஆரம்பிக்கும். இங்கிலாந்து முழுவதும் மொத்தம் 163 கிராமர் பள்ளிகள்தான், பதினோரு வயதுக்கு முன் நுழைவுத் தேர்வு எழுதி ஜெயித்தால் ஒரு பைசா கட்டணமில்லாமல் படிக்கலாம். சட்டன், கிங்ஸ்டன், இல்ஃபோர்ட் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏன் அப்படிக் குவிகின்றன என்று கேட்டால் கோயிலும் மளிகைக் கடையும் பாதிக் காரணம்தான், மீதிக் காரணம் இது. ஏழு வயதிலேயே டியூஷனுக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் ஒரு வருடத் தயாரிப்பு போதும், ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்.

பப்ளிக் ஸ்கூல் என்றால் பொதுமக்கள் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். 1440-ல் தொடங்கிய ஈட்டன் மாதிரியானவைதான் பப்ளிக் ஸ்கூல், அதாவது கட்டணம் கட்டுகிறவர்களுக்கான பள்ளி. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று, சென்னை டிக்கெட் ஜூன் மாதத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஐந்து பள்ளி நாள் அனுமதியில்லாமல் போனாலே அபராதம் வரலாம்: ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக 80 பவுண்ட், 21 நாளில் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, அம்மா, அப்பா என்று பெருக்கிப் பாருங்கள். அப்படியும் டிக்கெட்டில் லாபம்தான் என்று கணக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மூன்று வருடத்துக்குள் இரண்டாம் முறை நேராக 160, மூன்றாம் முறை கோர்ட் வரைக்கும் போகலாம். டீச்சரிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு, பிள்ளை திங்கட்கிழமை வந்து "நாங்க பாட்டி வீட்டுக்கு பிளேன்ல போனோம்" என்று வகுப்பு முழுக்கச் சொன்ன கதை எங்கள் தெருவிலேயே நடந்தது.

பேரன்ட்ஸ் ஈவினிங் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள், ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடம்தான். அங்கே டீச்சர் பேசுவதற்கு நீங்களே மனதுக்குள் உரை எழுதிக்கொள்ள வேண்டும். "கலகலப்பான பிள்ளை" என்றால் வாயை மூடுவதே இல்லை. "தன்னம்பிக்கை ஜாஸ்தி" என்றால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "அவளால் முடியும், இன்னும் கொஞ்சம் கவனித்தால்" என்றால் கணக்கு வரவில்லை, வீட்டில் பாருங்கள்.

பள்ளிக்கு அடுத்து இன்டர்நெட். விளம்பரத்தில் ஃபைபர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர் வந்து அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பியில் வரும் இணைப்பையும் ஃபைபர் என்றே விற்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் அந்த முகவரிக்கு நிஜமாக என்ன கிடைக்கும் என்று காட்டும். எதிர் வீட்டுக்கு 900 மெகாபிட், உங்களுக்கு 40 என்பதெல்லாம் இங்கே சர்வ சாதாரணம். லீட்ஸில் எனக்கு அதுதான் நடந்தது, இணைப்புக் கொடுத்த கம்பெனியிடம் ஐந்து முறை போன் செய்து, ஒவ்வொரு முறையும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, கடைசியில் பதினெட்டு மாத ஒப்பந்தம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. 2024 செப்டம்பர் முதல் கம்பெனி மாற வேண்டுமென்றால் புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையவர்களிடம் போய் மல்லுக்கட்ட வேண்டாம். 2025 ஜனவரிக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில், நடுவில் விலையேற்றுவதாக இருந்தால் எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கூடவே ஒரு சின்ன விஷயம், சின்னது என்றாலும் என் முதல் வேலை நாளையே காலி செய்தது. ஊரிலிருந்து கொண்டுவரும் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க விசைப்பலகை. இங்கே ஆபீஸில் தருவது பிரிட்டிஷ் விசைப்பலகை. ஷிஃப்டோடு 2 எண் விசையை அழுத்தினால் நமக்கு அட் (@) குறி வரும், இங்கே இரட்டை மேற்கோள் குறி வரும். அட் குறி வலப்பக்கம், என்டருக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ஷிஃப்டோடு 3 எண் விசை என்றால் பவுண்ட் (£) குறி, ஹாஷுக்கு (#) என்டர் ஓரத்திலேயே தனி விசை. பாஸ்வேர்டில் அட் வைத்திருந்தேன், திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது, எது விழுகிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு முறை அடித்து அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. வந்து திறந்துவிட்ட பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, விரலால் அந்த விசையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். உங்கள் சொந்த லேப்டாப்பில் விண்டோஸ் மொழி அமைப்பை இங்கிலீஷ் யுனைட்டட் கிங்டம் என்று மாற்றினால் விசையில் அச்சடித்திருப்பது ஒன்று, விழுவது ஒன்று என்றாகும். ஏதாவது ஒன்றுக்குக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த ஊர் கம்ப்யூட்டரை நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறது. 1981-ல் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோன ஊர், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வந்ததும் கேம்பிரிட்ஜிலிருந்துதான். 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் பாடம். மகள் ஆறு வயதில் ஒரு நாள் வந்து "அல்காரிதம் எழுதினோம்" என்றாள். எட்டிப் பார்த்தால் ஜாம் சாண்ட்விச் செய்வது எப்படி என்று ஒரு தாள். "ரொட்டியில் ஜாமைப் போடு" என்று எழுதியிருந்தாளாம், டீச்சர் பாட்டிலைத் தூக்கி அப்படியே ரொட்டி மேல் வைத்துவிட்டு, சரியா என்று கேட்டாராம். நான் காலேஜில் மூன்றாவது செமஸ்டரில் கற்றுக்கொண்டது அது.

சரி, சாப்பாடு. முதலில் டீ, ஏனென்றால் ஆபீஸில் உங்களை எடைபோடுவது அதில்தான். இங்கே எலெக்ட்ரிக் கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும். நான் முதல் வாரத்தில் பாலும் இஞ்சியும் போட்டு அதிலேயே நம்மூர் டீ வைக்கப் பார்த்தேன், பால் பொங்கி, அடிப்பிடித்து, அந்தத் தளம் முழுக்கத் தீய்ந்த வாசனை, புது கெட்டில் வாங்கிக் கொடுக்கும்படி ஆனது. செய்முறை எளிது: குவளையில் டீ பேக், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், மூன்று நான்கு நிமிடம், பேக்கை எடுத்துவிட்டு அப்புறம் பால். நீங்கள் எழுந்து டீ போடப் போனால் சுற்றியிருப்பவர்களிடமும் வேண்டுமா என்று கேட்க வேண்டும், கேட்காமல் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வடக்கே, யார்க்‌ஷயர் பக்கம் யாராவது "டீக்கு வாங்க" என்றால் அது மாலைச் சாப்பாடு. லீட்ஸில் பக்கத்து வீட்டம்மா அழைத்தார், டீயும் பிஸ்கட்டும்தானே என்று நான் தயிர் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன். மேஜையில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஷெப்பர்ட்ஸ் பை, பட்டாணி, அதற்கு மேல் கிரேவி. முழுவதையும் சாப்பிட்டேன்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: அதே யார்க்‌ஷயரில் பல மீன் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கேளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். வொர்ஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன், குழந்தைகளின் ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின், யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை. சூப்பர் மார்க்கெட் பொருள்களில் வெஜிடேரியன் குறி இருக்கும், அது இல்லாவிட்டால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் போனால் காலாவதி நெருங்கிய பொருள்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்திருப்பார்கள், இதில் கௌரவம் பார்க்காதீர்கள், சூட் போட்டவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது 1994 சட்டம், சாயங்காலம் போய் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

இந்தியன் ரெஸ்டாரன்ட் என்று போட்டிருக்கும் பழைய கடைகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் பங்களாதேஷின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். மெனுவில் மெட்ராஸ் என்று ஒன்று இருக்கும். அது நம்மூர்ச் சமையல் இல்லை, காரத்தின் அளவு: கோர்மா சுத்தமாகக் காரமில்லை, மெட்ராஸ் நடுவில், விண்டாலூ அதற்கு மேல். உங்கள் பிரிட்டிஷ் நண்பர் ஆசையாக "உங்க ஊர்ச் சாப்பாடு" என்று அதை வாங்கிக் கொடுத்தால் திருத்தப் போகாதீர்கள்.

பப்பில் மேஜையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். வரிசை என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், உங்களை முதலில் கேட்டுவிட்டால்கூட "இவர் எனக்கு முன்னாடி" என்று கை காட்டுங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி. சைடர் என்றால் இங்கே ஆப்பிள் ஜூஸ் இல்லை, ஆல்கஹால் உள்ள பானம், அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு பேர் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார்கள், இதற்கு ரவுண்ட் என்று பெயர், குடிக்காதவர் லைம் சோடா குடித்தாலும் தன் முறைக்கு வாங்கிவிட வேண்டும். ஊற்றிக் கொடுப்பவருக்கு டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

அங்கேயே அரசியலும் ஓடும். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்துக்கொண்டு முறையான விசாவில் இங்கே குடியிருந்தாலே, பதினெட்டு வயது ஆனவர்கள் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை, காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு, நாடாளுமன்றத் தேர்தல் உட்பட. அரசுத் தளத்தில் ஐந்து நிமிட வேலை, வேலைக்காக அரசு தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். அரசியலே பிடிக்காது என்றாலும் பதியுங்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது, போன் ஒப்பந்தம் முதல் வீட்டுக் கடன் வரை அது உதவும்.

தேர்தல் வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. 2023 முதல் இங்கிலாந்தில் போட்டோ அடையாள அட்டை காட்ட வேண்டும், நம் பாஸ்போர்ட்டே செல்லும். சர்ச் ஹாலில் ஒரு மேஜை, ஒரு காகிதம், ஒரு பென்சில், பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மைக் செட் இல்லை, கொடி இல்லை. 2024 ஜூலையில் நான் ஓட்டுப் போட்டேன் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை, "விரலைக் காட்டு" என்றார் வீடியோ காலில், மையே வைக்கவில்லை என்றதும் "அப்ப கள்ள ஓட்டு போட மாட்டாங்களா?" என்று கேட்டார். அந்தத் தேர்தலில் லேபர் கட்சி சுமார் 34 சதவீத ஓட்டில் 650-ல் 411 இடங்களைப் பிடித்தது, நம்மூர் முறைதானே, அதிகம் வாங்கியவர் ஜெயித்தார். டெபாசிட் 500 பவுண்ட், ஐந்து சதவீதம் வாங்காவிட்டால் காலி. அன்றைய பிரதமர் ரிஷி சுனக்கின் தொகுதியிலேயே தலையில் குப்பைத்தொட்டி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு கவுன்ட் பின்ஃபேஸ் என்ற பெயரில் ஒருவர் நின்றார், முடிவு அறிவிக்கும்போது பிரதமருடன் அதே மேடையில் நின்றார். இதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடிக்கும்.

உங்கள் எம்பி சர்ஜரி நடத்துகிறார் என்று நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள், தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பதற்கு அந்தப் பெயர். விசா கோப்பு எங்கேயோ மாதக்கணக்கில் தூங்குகிறதென்றால், நீங்கள் ஓட்டுப் போட்டவரோ இல்லையோ, அவருக்கு மெயில் எழுதலாம். மெயிலில் முழு முகவரியும் போஸ்ட்கோடும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு தொகுதி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

டிவி பார்ப்பதற்கான கட்டணமான டிவி லைசென்ஸ் பற்றிக் கடிதம் வந்திருக்கும், மிரட்டுகிற மாதிரி சிவப்பு எழுத்தில். எந்த சேனலையும் நேரலையில் பார்க்கிறீர்கள், அல்லது பிபிசியின் ஆன்லைன் சேவையான ஐபிளேயர் பார்க்கிறீர்கள் என்றால் கட்ட வேண்டும், 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆக்கினார்கள். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லை, ஆன்லைனில் அப்படித் தெரிவித்துவிடலாம்.

கடைசியாகக் குப்பை. கவுன்சில் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டு எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டி என்று பாருங்கள், ஒரு வாரம் மறுசுழற்சி, அடுத்த வாரம் மற்ற குப்பை என்று மாறி மாறி வரும், நிறங்கள் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு, லீட்ஸில் பழகிய நிறம் லண்டனில் உதவாது. தொட்டியை முந்தைய நாள் இரவே வாசலில் வைத்துவிடுங்கள், காலையில் ஆறரைக்கெல்லாம் வண்டி வந்துவிடும்.